எட்டு டிகிரி ஒன்பது நிமிஷம்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் சுசீந்திரம் எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பழையாற்றை நெருங்கும்போதே, தென்னைகளின் தலைக்கு மேலே தாணுமாலயன் கோயிலின் ஏழு நிலைக் கோபுரம் எழுந்து நின்று, "இதோ இருக்கிறேன்!" என்று சொல்லிவிடும். 134 அடி உயரமுள்ள அந்தக் கோபுரத்தைக் காட்டிலும் நல்ல விலாசம் ஓர் ஊருக்கு எதற்கு?

ஆனால் சுசீந்திரத்துக்கு இன்னொரு விலாசமும் உண்டு. வடக்கு அட்சம் 8 டிகிரி 9 நிமிஷம். கிழக்குத் தீர்க்கம் 77 டிகிரி 28 நிமிஷம். இந்த விலாசத்தைக் கவரின் மேல் எழுதித் தபாலில் போட்டால் கடிதம் வந்து சேராது என்பது நிச்சயம். ஊர்க்காரர்களில் இதை அறிந்தவர்களும் சொற்பமாகவே இருப்பார்கள். அறியாததால் அவர்களுக்கு நஷ்டமும் இல்லை. கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற வரையில் டிகிரியும் நிமிஷமும் யாருக்கு வேண்டும்?

கோபுரம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போனவனுக்குத்தான் வேண்டும். அதே ஜில்லாவில், மேற்குக் கடற்கரையில், தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்த எண்கள் உயிருக்குச் சமானம். கோபுர விலாசத்திலிருந்து எண் விலாசத்துக்கு மனிதன் எப்படி வந்து சேர்ந்தான், வந்து சேர்ந்த பிறகும் எதை மறந்துவிட்டான் என்பது சுவாரஸ்யமான சரித்திரம். துயரமான சரித்திரமுங்கூட.

முதலில் பழைய வித்தையைச் சொல்லிவிடுகிறேன். கடலுக்கு அடியில் மீன் கூடுகின்ற பாறைத் திட்டுக்குப் "பார்" என்று பெயர். மேலே பார்த்தால் எங்கும் ஒரே தண்ணீர். அதில் ஒரு பாரைத் தேடிப் போய், அதன் நேர் மேலே வள்ளத்தை நிறுத்துவது எப்படி? குமரிக் கரையோர மீனவர்கள் இதற்குக் "கணியம்" பார்ப்பார்கள். கரையில் இருக்கும் இரண்டு அடையாளங்களை, ஒரு மாதாகோவில் கோபுரத்தையும் அதன் பின்னால் உள்ள ஒரு மலை முகட்டையும் என்று வைத்துக் கொள்வோம், ஒன்றன் பின் ஒன்றாக நேராக வரும்படி பார்த்துக் கொள்ள வேண்டும். அப்போது வள்ளம் ஒரு கோட்டின் மேல் இருக்கிறது. பிறகு வேறொரு பக்கம் திரும்பி, ஒரு தென்னந்தோப்பையும் ஒரு பாறையையும் அதே மாதிரி நேராக்கினால் இரண்டாவது கோடு கிடைக்கும். இரண்டு கோடுகளும் வெட்டுகிற இடத்திலே பார் இருக்கிறது! காகிதமும் இல்லை, பென்ஸிலும் இல்லை. கண்ணும் ஞாபகமும் மட்டுந்தான். தகப்பன் மகனுக்குக் காதோடு சொல்லி வைத்த சொத்து அது.

இந்த வித்தையில் ஒரு குணத்தைக் கவனிக்க வேண்டும். மலையைப் பார்த்து இடம் கண்டுபிடிக்கிறவன் மலை தெரியும் தூரத்திலேதான் இருந்தாக வேண்டும். ஏறக்குறைய எந்தப் பாருக்குப் போயிருப்பான் என்பது கரையில் உள்ளவர்களுக்கும் தெரியும். பொழுது சாய்ந்தும் வள்ளம் திரும்பாவிட்டால் எந்தத் திசையில் தேடுவது என்று ஊர் அறியும். இடத்தை அறிகிறவனும் அவனைத் தேடுகிறவர்களும் ஒரே மலையைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

கரையை விட்டு வெகுதூரம் போன கப்பலோட்டிகள் ஆகாயத்தைப் பார்த்தார்கள். சோழமண்டலக் கரையின் மாலுமிகளிடம் "இராப்பலகை" என்று ஒரு சாதனம் இருந்தது. சிறிய பலகை, அதன் நடுவிலிருந்து ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகத்துக்கு உரியது. முடிச்சைப் பல்லில் கடித்துக் கொண்டு, கயிற்றை இழுத்துப் பிடித்து, பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்தைத் தொடும்போது மேல் விளிம்பில் துருவ நட்சத்திரம் உட்கார்ந்தால், அந்தத் துறைமுகத்தின் நேருக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுவே அந்த இடத்தின் அட்சம் என்பது இதன் சூட்சுமம். சுசீந்திரத்தில் அந்த நட்சத்திரம் எட்டு டிகிரி உயரந்தான். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். அவ்வளவு தாழ்வான விளக்கை நம்பி நம் முன்னோர்கள் கடலைக் கடந்தார்கள்.

1802-ம் வருஷம் ஏப்ரல் மாதம், சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி தரையில் சங்கிலியைப் போட்டு அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல் நீளமுள்ள அந்த ஒரு கோட்டை மட்டும் அப்பழுக்கில்லாமல் அளந்து விட்டால், அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைக் குறி பார்த்து, கோணத்தைக் கொண்டே மற்றத் தூரங்களைக் கணக்கிட்டு விடலாம். ஒரு முக்கோணம் முடிந்ததும் அதன் தோளில் அடுத்த முக்கோணம். மீனவனின் கணியத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மீனவன் கண்ணால் பார்த்தான். லாம்டன் அரை டன் எடையுள்ள தியோடலைட் யந்திரத்தினால் பார்த்தார்.

குன்றுகள் இல்லாத சமவெளியில் என்ன செய்வது? கோயில் கோபுரங்கள் இருக்கவே இருந்தன. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் அந்தப் பிரம்மாண்டமான யந்திரத்தைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதியில் கயிறு அறுந்தது. யந்திரம் சுவரில் மோதி அதன் வட்டம் நெளிந்து போயிற்று. வேறு ஒருவராயிருந்தால் சீமைக்குக் கடிதம் எழுதிவிட்டு இரண்டு வருஷம் சும்மா இருந்திருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து கொண்டு, வாரக் கணக்காக அதைத் தட்டியும் இழுத்தும் பழைய வடிவத்துக்குக் கொண்டு வந்தார். அந்தச் செப்பனிட்ட யந்திரத்தோடு 1809 வாக்கில் குமரி முனைக்கு வந்து சேர்ந்தார்.

இங்கே புன்னை என்ற இடந்தான் அவருடைய நீண்ட முக்கோணச் சங்கிலியின் தெற்குக் கோடி. அதன் அட்சம் 8 டிகிரி 9 நிமிஷம் என்று கணக்காயிற்று. சுசீந்திரத்தின் அட்சமும் அதுவேதான். லாம்டன் 1823-ல் ஹிங்கன்காட் என்ற ஊரில், வேலை முடியாமலே காலமானார். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அந்தச் சங்கிலியை 1841-க்குள் இமயமலை அடிவாரம் வரை கொண்டு சேர்த்தார். இமயத்தின் சிகரங்களை அளந்த கணக்குக்கு நாஞ்சில் நாட்டு வயல்களின் பக்கத்திலே ஒரு நுனி இருக்கிறது என்பது நமக்குப் பெருமைதானே? ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இன்று நாம் காண்கிற சுசீந்திரத்துக் கோபுரத்தை லாம்டன் பார்த்திருக்க முடியாது. அதன் வேலை 1888-ல்தான் நிறைவெய்தியது. அதாவது, கோபுர விலாசம் முழுமை பெறுவதற்கு முன்பே இந்தப் பிரதேசத்துக்கு எண் விலாசம் எழுதியாகிவிட்டது!

ஆனால் அந்த விலாசம் யாருக்குப் பயன்பட்டது? வரி வாங்குகிறவர்களுக்கும் படை நடத்துகிறவர்களுக்கும் பயன்பட்டது. கடலில் திசை தப்பிய ஏழைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அரை டன் யந்திரத்தைக் கட்டுமரத்தில் ஏற்ற முடியுமா?

எண் விலாசம் ஏழையின் கைக்கு வர இன்னும் சுமார் இரண்டு நூற்றாண்டுகள் பிடித்தன. அந்தக் கதை 1957 அக்டோபரில் ஆரம்பமாகிறது. ருஷ்யா விட்ட ஸ்புட்னிக் பூமியைச் சுற்றிக் "கீச் கீச்" என்று ஒலிக்க, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையின் ஆராய்ச்சிக் கூடத்தில் இரண்டு விஞ்ஞானிகள் அந்த ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே ஸ்புட்னிக்கின் பாதையைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுடைய மேலதிகாரிக்கு ஒரு யோசனை தோன்றிற்று. தரையில் இருக்கும் நம் இடத்தைக் கொண்டு கோளின் இடத்தைக் கண்டுபிடிக்கலாமென்றால், கோளின் இடத்தைக் கொண்டு நம் இடத்தையும் கண்டுபிடிக்கலாமே! இந்தத் தலைகீழ் யோசனையிலிருந்துதான் இன்றைய ஜி.பி.எஸ். பிறந்தது.

அதன் வழி மிகவும் எளிது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் இருபத்து நான்குக்கு மேற்பட்ட செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இன்னது" என்பதை ஒவ்வொன்றும் ஓயாமல் சொல்லிக் கொண்டிருக்கிறது. அந்தச் செய்தி கீழே வந்து சேர ஒரு விநாடியில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு ஆகிறது. நம் கையில் உள்ள கருவி அந்தத் தாமதத்தைக் கொண்டு கோளின் தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு கோள்களின் செய்தி கிடைத்துவிட்டால் நம் இடம் தெரிந்துவிடும். கணியம் பார்த்த மீனவனின் மலையையும் மாதாகோவிலையும் ஆகாயத்துக்குத் தூக்கிக் கொண்டு போய் வைத்து விட்டார்கள் என்று சொல்லலாம். கடிகாரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும் என்பதிலிருந்து அந்தக் கடிகாரங்களின் அருமையை அறியலாம்.

ராணுவத்துக்காகச் செய்த இந்தச் சாதனம் சாதாரண ஜனங்களுக்குக் கிடைத்ததும் ஒரு விபத்தினால்தான். 1983 செப்டம்பர் 1-ந் தேதி, நியூயார்க்கிலிருந்து ஸியோலுக்குப் போன கொரிய விமானம் வழி தவறி ருஷ்ய எல்லைக்குள் போயிற்று. ருஷ்யர்கள் அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் மாண்டார்கள். தான் எங்கே இருக்கிறோம் என்று விமானிக்குச் சரியாகத் தெரியாமல் போனதற்கு அத்தனை உயிர் விலை. ஜி.பி.எஸ். பூர்த்தியானதும் எல்லோருக்கும் இலவசம் என்று அந்த மாதமே அமெரிக்க அரசாங்கம் அறிவித்தது. பொது ஜனங்களுக்கென்று வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிசகையும் 2000 மே மாதத்தில் நீக்கிவிட்டார்கள்.

பிறகு குமரிக் கரையில் நடந்தது பெரிய மாறுதல். தகப்பன் காதோடு சொன்ன கணியம் ஒரு சிறு கருவிக்குள் எண்களாகப் புகுந்து கொண்டது. மலை தெரிய வேண்டிய அவசியம் போயிற்று. தூத்தூர்ப் பக்கத்து விசைப் படகுகள் லட்சத்தீவைத் தாண்டின. குஜராத் கடலுக்குப் போயின. டீகோ கார்சியா வரையிலும் கூடப் போயின. பத்துப் பேர் ஒரு படகில் ஏறி, ஐஸும் அரிசியும் டீஸலும் நிரப்பிக் கொண்டு, வாரக் கணக்காகத் தங்கித் தொழில் செய்தார்கள். சுறா வேட்டையில் இந்தியாவிலேயே பேர் பெற்றார்கள். கடலின் நடுவில் நின்று, தான் நிற்கும் இடத்தைச் சில அடிகளுக்குள் சொல்ல அவர்களால் முடிந்தது. சொல்ல முடிந்தது சரி, யாரிடம் சொல்வது?

2017 நவம்பர் 29-ந் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு தாழ்வு மண்டலம் உருவாயிற்று. மறு நாள் காலையிலேயே அது குமரிக் கடலில் புயலாகிவிட்டது. அதற்கு "ஒக்கி" என்று பெயர். வங்காளி மொழியில் கண் என்று பொருள். கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை கரையில் இருந்தவர்களுக்குக் கேட்டது. பல நாட்களுக்கு முன்பே கடலுக்குப் போய்விட்டவர்களுக்கு எப்படிக் கேட்கும்? படகில் இருந்த கம்பியில்லாக் கருவியின் குரல் சில பத்து மைலுக்கு மேல் எட்டாது. அவர்களோ நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்தார்கள். தலைக்கு மேலே அத்தனை செயற்கைக் கோள்கள் சுற்றிக் கொண்டிருந்தன. அவை ஒவ்வொன்றும் "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்" என்று தங்கள் விலாசத்தைச் சொல்லிக் கொண்டிருந்தனவே தவிர, கீழே ஒருவன் மூழ்குகிறான் என்பது அவற்றுக்குத் தெரியாது. ஜி.பி.எஸ். கருவி கேட்கும், பேசாது.

அந்த நாட்களில் நாஞ்சில் நாட்டில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. வாழைத் தோட்டங்களும் ரப்பர்த் தோட்டங்களும் படுத்துவிட்டன. பல ஊர்களில் நாட்கணக்காக மின்சாரம் இல்லை. ஆனாலும் அவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த நஷ்டம். கடற்கரை ஊர்களில் பெண்கள் நின்றது வேறு விதமான இருட்டில். புருஷன் இருக்கிறானா என்பது மட்டுமல்ல, எங்கே இருக்கிறான் என்பதே தெரியவில்லை. அதிர்ஷ்டமுள்ள படகுகள் லட்சத்தீவிலும், கர்நாடகத்திலும், மகாராஷ்டிரத்துத் தேவ்கட் துறைமுகத்திலும் போய் ஒதுங்கின. மற்றவர்களைத் தேடக் கப்பல்களும் விமானங்களும் புறப்பட்டன. அவை தேடுகிற இடம் போதாது, எங்கள் ஆட்கள் இன்னும் ஆழத்தில் இருக்கிறார்கள் என்று ஊர் ஜனங்கள் கதறினார்கள். எந்தப் படகு எந்த மீனுக்காக எந்தக் கடலுக்குப் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். கடைசியில் மீனவர்களையே தேடும் கப்பல்களில் ஏற்றிக் கொண்டு போனார்கள். இவ்வளவு விஞ்ஞானத்துக்குப் பிறகும் ஆபத்து வேளையில் உதவியது, இன்னார் இன்ன இடத்துக்குப் போனார் என்ற அந்தப் பழைய ஊர் ஞாபகந்தான்!

தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. அவர்களில் பெரும்பாலோருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. காணாமற் போனவர் இறந்ததாகக் கொள்வதற்குச் சட்டம் ஏழு வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. இவர்கள் விஷயத்தில் அரசாங்கம் அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி நிவாரணம் வழங்கியது. ஆனால் மனத்தின் காத்திருப்பை யார் தளர்த்துவது? இறந்த இடம் தெரியாத மரணத்துக்கு அழுது முடிக்கவும் வழியில்லை.

இதற்குப் பரிகாரம் அப்போது உலகத்தில் இல்லாமல் இல்லை. ஆபத்துக் குறியைச் செயற்கைக் கோளின் மூலம் கரைக்கு அனுப்பும் "கோஸ்பாஸ்-ஸார்ஸாட்" என்ற சர்வதேச ஏற்பாடு 1982 செப்டம்பரிலேயே கனடாவில் விமானம் விழுந்து கிடந்த மூன்று பேரைக் காப்பாற்றியது. அமெரிக்காவும் ருஷ்யாவும் ஒன்றையொன்று முறைத்துக் கொண்டிருந்த காலத்தில், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கூடிச் செய்த காரியம் அது. நம் இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. நமது விண்வெளி நிலையத்தார் மீன்பிடி படகுகளுக்கென்றே ஓர் அபாய அறிவிப்புக் கருவியும் செய்திருந்தார்கள். ஆனால் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று படகில் உள்ளவனுக்குத் தெரியாது. ஒக்கிக்குப் பிறகு, நம் நாட்டின் சொந்த வழிகாட்டும் கோள்களான "நாவிக்" மூலம் புயல் எச்சரிக்கையைப் படகுக்கு அனுப்பும் கருவிகளை வழங்கினார்கள். அதில் கரை பேசும். படகு பதில் பேச முடியாது. போய்ச் சேர்ந்த அபாயக் குறிக்குப் பதில் அனுப்பும் இரண்டாம் தலைமுறைக் கருவி பிறகுதான் வந்தது. ஒரு லட்சம் படகுகளில் இரு பக்கமும் செய்தி அனுப்பும் கருவி பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் தொடங்கினார்கள். எல்லாம் நல்ல காரியங்கள். கேட்பதற்கும் பேசுவதற்கும் இடையே எத்தனை தூரம் என்பதை அவை காட்டுகின்றன.

கடல் கதை நமக்கு எதற்கு என்று நேயர்கள் நினைக்கக்கூடாது. இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் லாம்டனின் யந்திரத்தை விடச் சாமர்த்தியமான கருவி இருக்கிறது. விடுமுறை வந்தால் மலைக்கும் காட்டுக்கும் புறப்பட்டு விடுகிறோம். சுசீந்திரத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மேற்குத் தொடர்ச்சி மலையிலே சில மைல் உள்ளே போனாலும் தொலைபேசிக்குக் குரல் எட்டாது. அப்போதும் ஜி.பி.எஸ். வேலை செய்யும்; அது கோளைத்தானே கேட்கிறது? ஆனால் தேசப்படத்தை வீட்டிலேயே கருவிக்குள் இறக்கி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெறும் எண்கள்தான் தெரியும். பாட்டரியைப் பொக்கிஷம் போல் காக்க வேண்டும். செயற்கைக் கோள் தொலைபேசியை அனுமதியின்றி வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எண்களைச் சொல்லுகிற விதமும் முக்கியம். சுசீந்திரத்தின் அட்சம் 8 டிகிரி 9 நிமிஷம். சில கருவிகள் இதையே தசாம்சத்தில் 8.15 என்று காட்டும், இரண்டும் ஒன்றுதான். ஆனால் 8.15 என்பதைப் பதற்றத்தில் "எட்டு டிகிரி பதினைந்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? ஆறு நிமிஷம் பிசகும். ஒரு நிமிஷம் என்பது ஒரு கடல் மைல், 1.85 கிலோ மீட்டர். தேடி வருகிறவர்கள் 11 கிலோ மீட்டருக்கு அப்பால் போய்த் தேடுவார்கள். ஏறக்குறைய சுசீந்திரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் உள்ள தூரம்! ஆகவே, "எட்டு, புள்ளி, ஒன்று, ஐந்து" என்று ஒவ்வோர் எண்ணாகச் சொல்லி, எதிரில் கேட்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். நிலத்தில் 112, கடலில் கடலோரக் காவல் படையின் 1554 ஆகியவை ஆபத்துக்குரிய எண்கள். விலாசத்தைச் சொல்லிவிட்டால் பிறகு அந்த இடத்தை விட்டு அநாவசியமாக நகரக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. அதற்குக் கருவியே வேண்டாம். புறப்படுவதற்கு முன், எந்த வழியில் போகிறோம், எந்த நாளில் எந்த நேரத்தில் திரும்புவோம் என்பதைப் பின்தங்கி இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வராவிட்டால் எப்போது யாரிடம் போய்ச் சொல்வது என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். கணியம் பார்த்த காலத்து மீனவன் இதைத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவனுடைய வித்தையிலேயே அது அடங்கியிருந்தது. நமக்கு ஆகாயத்திலிருந்து விலாசம் கிடைத்த போது, அந்தப் பாதி கை நழுவிவிட்டது.

தான் இருக்கும் இடம் தனக்குத் தெரிவது அறிவு. அது தன்னைத் தேடுகிறவர்களுக்கும் தெரிவதுதான் பாதுகாப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கடலிலேதான் 2017 நவம்பரில் அத்தனை படகுகள் மூழ்கின.